சொல்லாமல் எடுத்த படத்துக்கு என்ன பெயர்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மெரினாவிலும் கோயம்பேடு சந்தையிலும் முன்பின் தெரியாத ஆட்களை, அவர்கள் கவனிக்காத நேரத்தில் படம் எடுக்கிறீர்கள். ஒரு நண்பர் இதை ‘ஸ்ட்ரீட் போட்டோகிராபி’ என்கிறார். இன்னொருவர், கடற்கரை எப்படி ஸ்ட்ரீட் ஆகும், இது ‘கேண்டிட்’ என்கிறார். வீட்டில் கேண்டிட் என்றால் “யார் கல்யாணத்துக்கு?” என்று கேட்கிறார்கள். தமிழில் ‘தெருப் புகைப்படம்’ என்று போட்டதற்குச் சிரித்திருக்கிறார்கள். எது சரி என்று கேட்டு, ஐந்து படங்களையும் இணைத்து, கடைசியில் “ஏதோ திருட்டு வேலை செய்கிற மாதிரியும் இருக்கிறது” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். கேள்வி பெயரைப் பற்றியதுதான் என்றாலும், அந்தக் கடைசி வரியைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

இருபத்தாறு வருடமாகக் கேமராவை நம்பித்தான் பிழைப்பு. முதலில் கல்யாண ஸ்டூடியோ, அப்புறம் பத்திரிகை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போட்டோ வாக் போகிறேன், இடையிடையே கல்யாண வேலையும் உண்டு. படக்கலையின் வரலாற்றை ஓரளவு படித்திருக்கிறேன். மொழியும் சட்டமும் என் துறைகள் இல்லை. அந்த இடங்கள் வரும்போது என் பேச்சை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஸ்ட்ரீட், கேண்டிட் இரண்டும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள் இல்லை. முதலாவது படம் எங்கே பிறந்தது என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறது. பாரிஸ் தெருக்களை முப்பது வருடத்துக்கு மேல் எடுத்த அத்ஜேயின் படங்களில் பாதிக்கு மேல் ஆளே கிடையாது. அது தெரு, ஆனால் அங்கே கேண்டிட் ஆவதற்கு யாருமில்லை. கேண்டிட் என்ற பெயரோ தெருவிலேயே பிறக்கவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர்களின் சண்டைக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

எரிக் சாலமன் பெர்லின்காரர், சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1920களின் பின்பாதியில் எர்மனாக்ஸ் என்ற சின்ன ஜெர்மன் கேமரா அவர் கைக்கு வந்தது. அதன் லென்ஸ் அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய கண்: எஃப் 2, பிறகு எஃப் 1.8 (இந்த எண் சின்னதாக ஆக, உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). பளீரென்று மக்னீசியம் கொளுத்தாமல், அறை விளக்கு வெளிச்சத்திலேயே படம் விழும். 1928இல், படம் எடுக்கத் தடை இருந்த நீதிமன்றத்துக்குள் கேமராவைத் தொப்பியில் மறைத்துக் கொண்டுபோய் ஒரு கொலை வழக்கை எடுத்தார். அப்புறம் ராஜதந்திரிகள் கூடும் மாநாடுகள், விருந்துகள், நள்ளிரவுப் பேச்சுவார்த்தைகள். கொட்டாவி விடும் மந்திரிகள், நாற்காலியில் சரிந்து தூங்கும் தூதர்கள். இந்தப் படங்களைப் பார்த்து லண்டனிலிருந்து வந்த ‘கிராஃபிக்’ என்ற பத்திரிகைதான் 1930ஐ ஒட்டி ‘கேண்டிட் கேமரா’ என்று எழுதியது. ஆக, பெயர் கிடைத்தபோது கேண்டிட் என்பது மூடிய கதவுக்குள், அதிகாரத்தில் இருப்பவர்களை எடுத்த படத்துக்கான பெயர். சாலமன் யூதர். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

சொல்லின் வேரும் வேடிக்கையானது. லத்தீனில் ‘காண்டிடுஸ்’ என்றால் வெண்மை. அதிலிருந்து ஆங்கிலத்தில் கள்ளம் இல்லாத, ஒளிவுமறைவற்ற என்ற பொருள் வந்தது. ஒளிவுமறைவற்ற படம் வேண்டுமென்றால் எடுப்பவன் ஒளிந்து மறைந்து நிற்க வேண்டியிருக்கிறது! உங்கள் கடைசி வரியில் இருக்கும் உறுத்தல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்ட்ரீட் விவகாரம் வேறு. அந்தப் பெயரின் கீழ் நாம் இன்று அடுக்கும் பெரியவர்களில் பலர் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க்கின் கேரி வினோகிராண்ட், 1984இல் இறந்தபோது கழுவாத ஃபிலிம் ரோலே சுமார் 2,500 விட்டுச் சென்றவர், ‘ஸ்ட்ரீட் போட்டோகிராபி’ என்பது முட்டாள்தனமான சொல் என்று பேட்டியிலேயே சொன்னார். மிருகக்காட்சி சாலையில் எடுத்த படங்களை வைத்தும் ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன், அப்படியானால் என்னை ஜூ போட்டோகிராபர் என்று கூப்பிடுங்களேன் என்பது அவர் வாதம். கடற்கரை எப்படி ஸ்ட்ரீட் ஆகும் என்று கேட்கும் உங்கள் நண்பரை அவருக்குப் பிடித்திருக்கும்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிரெஞ்சில் வைத்த தலைப்பு ‘இமாஜ் அ லா சோவெத்’. ‘அ லா சோவெத்’ என்பதை அங்கே உரிமம் இல்லாமல் சாலையோரத்தில் கடை விரிப்பவர்களுக்குச் சொல்வார்கள். தி.நகரில் பார்த்திருப்பீர்கள், தார்பாயின் நான்கு மூலையிலும் கயிறு கட்டியிருக்கும், போலீஸ் வண்டி தெரிந்ததும் ஒரே இழுப்பில் கடை மூட்டையாகித் தோளுக்கு ஏறிவிடும். அந்த மாதிரி, அவசரமாக, ஓடத் தயாராக எடுத்த படங்கள் என்று அவர் சொன்னார். ஆங்கிலப் பதிப்பில், புத்தகத்தின் முகப்பில் அவர் எடுத்துக் காட்டியிருந்த ஒரு பழைய பிரெஞ்சுக் கர்தினாலின் வரியிலிருந்து இன்னொரு தலைப்பு முளைத்தது: ‘தீர்மானமான கணம்’. நடைபாதை வியாபாரி ஒரே இரவில் ஞானியாகிவிட்டார். உலகம் முழுக்க மாணவர்கள் அந்தக் கணத்துக்காகத் தவம் கிடக்கிறார்கள். எனக்கு முதல் தலைப்பில்தான் நம்பிக்கை அதிகம். அதில் எடுப்பவன் தன் தகுதியைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

ஸ்ட்ரீட் என்ற சொல் ஒரு முழு வகைக்கான பெயராகக் கெட்டிப்பட்டதில் 1994இல் வந்த ‘பைஸ்டாண்டர்’ என்ற வரலாற்று நூலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அதை வைத்துப் பார்த்தால் ஸ்ட்ரீட் என்பது தார் ரோடு இல்லை. யாரும் யாரையும் அழைக்காமலே எல்லோரும் வந்து சேரும் இடம், அவ்வளவுதான். மெரினா அதில் தாராளமாக அடங்கும், மின்சார ரயிலும் அடங்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப் பார்க்க, எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். அதையும் இந்த வகையில்தான் சேர்க்கிறோம். அந்தப் படங்களை அவர் புத்தகமாக வெளியிட்டது 1966இல்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே கேண்டிட் என்ற சொல்லைக் கல்யாண மண்டபம் எடுத்துக்கொண்டுவிட்டது, அதைத் திரும்ப வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொட்டேஷனில் நான்கு வரி இருக்கும்: ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. ட்ரெடிஷனல்காரர் மேடையில் குடை லைட்டோடு நின்று, மொய்க்கவருடன் வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசையாக எடுப்பார். கேண்டிட்காரர் நீள லென்ஸோடு ஓரத்தில் நின்று, தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதை எடுப்பார். அதுவரை பெயர் பொருத்தம்தான். அப்புறம் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனியே கூப்பிட்டு, “அண்ணா, அவங்க காதுல ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி சொல்லுங்க. அக்கா, நீங்க கேமராவப் பாக்காதீங்க, நேச்சுரலா சிரிங்க” என்பதும் அதே பட்டியலில் அதே கேண்டிட்தான். நானும் சொல்லியிருக்கிறேன், அதற்குக் காசும் வாங்கியிருக்கிறேன். இங்கே கேண்டிட் என்றால் ‘கேமராவைப் பார்க்காத படம்’, அதற்கு மேல் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. கடற்கரையில் எடுத்ததைக் கேண்டிட் என்று போட்டால் பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் கேட்பார்கள்.

சரி, தமிழில் என்ன? புகைப்படமா ஒளிப்படமா நிழற்படமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, மூன்றும் எல்லோருக்கும் புரிகிறது. தெருவா வீதியா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இது என் காது சொல்வது, அகராதி சொல்வதில்லை. தெரு என்றால் நமக்கு வீடுகள் இருக்கிற இடம். “எந்தத் தெரு?” என்றால் முகவரி கேட்கிறோம். தெருச்சண்டை, தெருவுக்கு வந்துவிட்டான் என்று அதன் கூட்டாளிகளும் கொஞ்சம் கசப்பானவை. உங்கள் தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, படத்தில் இருப்பவரைத் தெருவுக்கு இழுத்துவிட்ட மாதிரி கேட்டிருக்கும். வீதி அப்படியில்லை. மாசி வீதி, மாட வீதி, வீதி உலா என்று எல்லோரும் வெளியே வந்து பார்க்கிற, பார்க்கப்படுகிற இடமாகவே அந்தச் சொல் நம்மிடம் புழங்கியிருக்கிறது. பழைய உலா நூல்களில் பவனி போகிறவனை ஏழு பருவப் பெண்களும் நின்று பார்ப்பார்கள். என்ன, அங்கே பார்க்கப்படுகிறவன் ராஜா அல்லது சாமி, நம் படங்களில் கரும்பு ஜூஸ் பிழிகிறவர். இன்னொரு வலுவான முன்னுதாரணமும் உண்டு. ‘வீதி நாடகம்’ என்ற பெயர் எப்போதோ நிலைத்துவிட்டது. அது பஸ் நிலையத்தில் நடந்தாலும் ஆலை வாசலில் நடந்தாலும் யாரும் “இது வீதியா?” என்று கேட்பதில்லை. அதனால் வகைக்குப் பெயர் என்றால் ‘வீதிப் படங்கள்’ என்று போடுங்கள். மெரினாவும் சந்தையும் அதற்குள் சிரமமில்லாமல் உட்காரும்.

கேண்டிட்தான் கடினம். இயல்புப் படம், எதார்த்தப் படம் என்றெல்லாம் பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கேமராவைப் பார்த்து விறைத்து நிற்பதும் மனிதனுக்கு இயல்புதான். எங்கள் தாத்தா தன் வாழ்நாளில் எடுத்த மூன்று படங்களிலும் அப்படித்தான் நிற்கிறார், அவரை அறிந்தவர்களுக்கு அதைவிட எதார்த்தம் கிடையாது. ஒரு மாணவர் ‘களவுப் படம்’ என்றார், சங்கப் பாடல்களின் களவைச் சொல்லி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் களவில் ஊருக்குத்தான் தெரியாது, இருவருக்கும் தெரியும். இங்கே ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

‘தெரியாமல் எடுத்த படம்’ என்பது பேச்சில் தானாக வரும் தொடர். அதில் ஒரு சிக்கல். “தெரியாம எடுத்துட்டேங்க” என்றால் தமிழில் கை தவறி எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று பொருள். தெரியாதது அவருக்கா எனக்கா என்பதை அந்தச் சொல் குழப்பிவிடுகிறது, எடுப்பவனுக்கு வசதியாகவும் இருக்கிறது. ‘கேட்காமல் எடுத்த படம்’ நேர் எதிர்ப்பக்கம். அடுத்தவர் சட்டைப்பையில் கைவிட்டதற்குத்தான் நாம் ‘கேட்காமல் எடுத்தான்’ என்கிறோம், எல்லாப் படத்தையும் அப்படிக் குற்றம் சாட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, காசிமேட்டில் ஒரு அம்மா எனக்குக் கொடுத்தார்.

பத்திரிகையில் சேர்ந்த புதிது. விடியற்காலை ஏலம் முடிந்து, சங்கரா மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பத்தடி தள்ளி நின்று நான்கைந்து ஃபிரேம் எடுத்துவிட்டு நகர்ந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “இன்னா தம்பி, சொல்லாம கொள்ளாம எடுத்துக்கினு போற? துட்டு கேப்பேன்னு பயமா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. படத்தை அழி என்றும் சொல்லவில்லை. விருந்துக்கு வந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினவனைக் கேட்கிற மாதிரி கேட்டார். குறை எடுத்ததில் இல்லை, சொல்லாததில் என்று அன்றைக்குப் புரிந்தது. பிற்பாடு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், “மூஞ்சியே தெரியல” என்று திருப்பித் தந்துவிட்டார்.

அன்றிலிருந்து வகுப்பில் நான் புழங்குவது ‘சொல்லாமல் எடுத்த படம்’. நீளம்தான், பட்டம் மாதிரி கம்பீரமும் இல்லை. ஆனால் அதில் வினை யாருடையது என்பதில் சந்தேகமே வராது. சொல்லாதவன் நான். முன்னால் சொல்லியிருந்தால் படம் கெட்டிருக்கும் என்றால் சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எடுத்த பிறகும் சொல்லவில்லை என்றால் ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மாணவர்களில் கால்வாசிப் பேர் எடுத்த பிறகு போய்ச் சொல்கிறார்கள், திரையைக் காட்டுகிறார்கள். மீதிப் பேர் சொல்வதில்லை, நானும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். கூவாகத்தில் தாலி அறுத்து அழுகிற திருநங்கையின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பத்து கேமரா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாமே வெட்டவெளியில்தான் நடக்கிறது. ஆனாலும் என் கூட வருகிறவர்கள் அந்தப் பத்தில் ஒன்றாக நிற்கக் கூடாது.

ஜப்பானியர்களிடம் இதில் ஒரு வசதி இருக்கிறது. சொல்லாமல் எடுக்கும் வீதிப் படத்துக்கு ‘ஸ்னாப்’ என்ற ஆங்கிலச் சொல்லையே வாங்கித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1950களில் கென் தோமோன் என்ற பெரிய கலைஞர், துளியும் ஜோடனை இல்லாத ஸ்னாப் என்பதைக் கொள்கையாகவே முழங்கினார். அதே மொழியில், ஒளிந்திருந்து அடுத்தவர் அந்தரங்கத்தை எடுப்பதற்குத் ‘தோசாட்சு’ என்ற வேறு சொல் இருக்கிறது, திருட்டு என்ற எழுத்தும் படமெடுத்தல் என்ற எழுத்தும் சேர்ந்தது. அங்கே விற்கும் போன்களில் கிளிக் சத்தத்தை நிறுத்த முடியாமல் செய்திருப்பது இந்த இரண்டாவது வகையால்தான். அதற்காக அங்கே சண்டை இல்லை என்று நினைக்காதீர்கள். 2020இல் ஃபியூஜிஃபில்ம் தன் எக்ஸ்100வி கேமராவுக்காக வெளியிட்ட விளம்பரக் காணொளியில் ஒருவர் டோக்கியோ வீதியில் எதிரே வருபவர்களின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டி எடுப்பதைக் காட்டியிருந்தார்கள். எதிர்ப்பு வந்து அதை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் எது எதில் சேரும் என்று சண்டை போட அவர்களுக்கு இரண்டு சொல் இருக்கிறது. நம்மிடம் இரண்டுக்கும் ‘அவங்களுக்குத் தெரியாம போட்டோ எடுத்தான்’ என்ற ஒரே வாக்கியம்தான். உங்களுக்குத் திருட்டு வேலை மாதிரி தோன்றியதற்குப் பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். நான் வக்கீல் இல்லை, ஆகவே எனக்குத் தெரிந்த அளவு மட்டும். இந்தியாவில் பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதையே பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. தனிமையில் இருக்கும் பெண்ணை அவர் அறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் 2013இல் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது, 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையின் 77ஆவது பிரிவு. 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது, பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் போய்விடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஜெர்மனியில் 1907 முதலே ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும், விதிவிலக்குகள் உண்டு. 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு பேர் அறைக்குள் நுழைந்து உடலைப் படமெடுத்ததுதான் அந்தச் சட்டத்துக்கு விதை. ஸ்ட்ரீட் என்று போட்டாலும் கேண்டிட் என்று போட்டாலும் இந்தச் சட்டங்கள் எதுவும் தலைப்பைப் பார்க்கப் போவதில்லை.

இனி உங்கள் ஐந்து படங்கள். தொகுப்புக்கு ‘வீதிப் படங்கள் – மெரினா, கோயம்பேடு’ என்று பெயர் வையுங்கள். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் ஸ்ட்ரீட் பிரிவில் போடலாம், ஆனால் விதிகளைப் படித்துவிட்டு. பல இடங்களில் ஜோடித்த படம் கூடாது என்று இருக்கும், உங்களுடையவற்றில் அந்தப் பிரச்சினை இல்லை. பூ மூட்டைமேல் தூங்குகிறவர் படம் சொல்லாமல் எடுத்தது. அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது, முடிந்தால் ஒரு பிரிண்டோடு திரும்பிப் போய்ப் பாருங்கள். நான்காவது படத்தில், பலூன் சுடும் கடைக்காரர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே நேராக லென்ஸைப் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது, அதைக் கேண்டிட் என்று போடாதீர்கள். நீங்கள் அதைத் தோற்றுப்போன படமாக நினைத்துத்தான் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சாலமன் 1931இல் பாரிஸில் எடுத்த ஒரு விருந்துப் படம் இருக்கிறது. பிரான்ஸின் வெளியுறவு மந்திரி பிரியான், அதோ பாருங்கள் அந்த ஆள் என்று கேமராவை நோக்கி விரலை நீட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிச் சிரிக்கிறார்கள். அவர் எடுத்ததில் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று அது. உங்கள் ஐந்தில் எனக்குப் பிடித்தது பலூன் கடைக்காரர்தான்.